பேதி மாத்திரையும் பத்து நாள் பிள்ளையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆட்டோவிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். 24 வயது தாய், அவருடைய அம்மா, அம்மாவின் அம்மாவான ஆச்சி, ஆச்சியின் மடியில் பத்து நாள் ஆண் குழந்தை. தாய் இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் அகற்றி வைத்தபடி நடந்து வந்தார். மார்பில் பால் கட்டிக்கொண்டால் இப்படித்தான் நடப்பார்கள். என்ன பிரச்சினை என்று நான் கேட்பதற்குள் ஆச்சி சொல்லிவிட்டார்: "பேதி மாத்திரைய முழுங்கிட்டுப் பால் குடுத்துட்டா டாக்டரம்மா. பிள்ளைக்கும் பேதி புடுங்கிட்டு. நான்தான் பால நிறுத்துனேன்."

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருக்கும் எனக்கு இது புதிய கதையல்ல. ஆனால் இந்த முறை கையில் ஓர் அபூர்வமான சான்று கிடைத்தது. அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். முதல் பிரசவம், சுகப்பிரசவம், தையல் உண்டு. குழந்தை பிறந்தபோது எடை 2.90 கிலோ. பிரசவமான இரண்டாம் நாள் ஒருமுறை வெளிக்குப் போயிருக்கிறார். கல் போல இறுகி, தையல் கிழிந்துவிடுமோ என்று அழுதிருக்கிறார். அந்தப் பயத்தில் அப்புறம் வந்த உணர்வையெல்லாம் அடக்கிக்கொண்டார். எட்டாம் நாள் வரை போகவில்லை. வயிறு உப்பிச் சாப்பாடு இறங்காமல் போக, அன்று இரவு தம்பியை மருந்துக்கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளை வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பிசகோடில் 5 மி.கி. இரவு பத்து மணிக்கு இரண்டையும் விழுங்கினார். விடிகாலையில் வயிற்றை முறுக்கி நான்கு முறை போனது.

அந்த இரவு வழக்கம்போலப் பாலும் கொடுத்திருக்கிறார். காலையில் குழந்தையின் துணியைப் பார்த்த ஆச்சி மஞ்சளாக, நீர்த்து இருப்பதைக் கண்டார். முடிந்தது. "மருந்து உடம்பைவிட்டுப் போக ரெண்டு நாள் ஆகும்" என்று தீர்ப்பு சொல்லித் தாய்ப்பாலை நிறுத்தினார். பால்பொடி கரைத்து புட்டியில் கொடுத்தார்கள். போதாததற்கு மாசிக்காயும், ஆச்சி வாயால் பெயர் சொல்ல மாட்டாத அந்த வசம்பும் உரைத்து நாக்கில் தடவியிருக்கிறார். 36 மணி நேரம் கழித்து என்னிடம் வந்தபோது தாய்க்குக் காய்ச்சல் 100.6. இரண்டு மார்புகளும் கருங்கல். குழந்தையை நெஞ்சில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியது. புட்டியின் ரப்பருக்குப் பழகிவிட்டது.

குழந்தையைச் சோதித்தேன். எடை 2.93 கிலோ. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறைவதும், பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் பிறந்த எடையை மீட்பதும் இயல்பு. இது பத்தாம் நாளிலேயே மீட்டுவிட்டது. உச்சிக்குழி அமுங்கவில்லை, வாய் ஈரமாக இருந்தது, சிறுநீர் நன்றாகப் போகிறது. நீரிழப்பின் சாயல்கூட இல்லை.

ஆச்சி விடவில்லை. "பால நிறுத்துனதும் நின்னுட்டு பாருங்க. நேத்து ரெண்டே தடவதான் போச்சு, அதும் கெட்டியா."

கேட்க நல்ல வாதம்தான். மருந்தியலிலும் இப்படித்தான் யோசிப்போம்: சந்தேகப்படும் மருந்தை நிறுத்து, தொந்தரவு அடங்குகிறதா பார். அடங்கினால் மருந்தின் மேல் சந்தேகம் வலுக்கும். ஆனால் இங்கே ஆச்சி நிறுத்தியது மருந்தை அல்ல, பாலை. தாய்ப்பாலிலிருந்து பால்பொடிக்கு மாற்றினால் எந்தக் குழந்தைக்கும் மலம் கெட்டியாகும், தடவையும் குறையும். மாத்திரையே விழுங்காத தாயின் பிள்ளைக்கும் அதேதான் நடந்திருக்கும்.

இதைச் சொன்னால் ஆச்சி நம்ப வேண்டுமே. அப்போதுதான் அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கைபேசியை நீட்டினார்.

கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார். பிள்ளையைப் பார்க்க முடியாத ஏக்கத்தில், எது நடந்தாலும் வாட்ஸ்அப்பில் சொல்லச் சொல்லியிருக்கிறார். இவரும் ஒவ்வொரு முறையும் "பாப்பா கக்கா" என்று ஒரு வரி தட்டிவிட்டிருக்கிறார். நேரம் தானாகவே பதிவாகியிருக்கிறது. நானும் அவரும் உட்கார்ந்து எண்ணினோம். ஐந்தாம் நாள் 6, ஆறாம் நாள் 8, ஏழாம் நாள் 7, மாத்திரை போட்ட எட்டாம் நாள் 7. இரவு பத்திலிருந்து காலை எட்டு வரை மட்டும் தனியாக எண்ணினால், முந்தைய மூன்று இரவுகளில் 3, 2, 3. மாத்திரை விழுங்கிய இரவில் 3. எந்த மாற்றமும் இல்லை. ஆச்சி அன்று காலையில்தான் முதல்முறையாகத் துணியை உற்றுப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்கு முந்தைய நாட்களில் துணி அலசியது அம்மா.

கணவருக்கு அனுப்பிய படம் ஒன்றும் இருந்தது. கடுகை அரைத்துத் தண்ணீரில் கலக்கியது போல மஞ்சள், நடுவில் சிறு சிறு திப்பிகள். முதல் வாரங்களில் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு முறை பால் குடித்ததும் கொஞ்சம் போகும். நாளைக்கு எட்டு, பத்து தடவைகூடப் போகலாம். எடை கூடி, சிறுநீர் ஆறு தடவைக்குக் குறையாமல் போனால் அதற்குப் பெயர் பேதி அல்ல. வெறும் தண்ணீராகப் பீய்ச்சினால், ரத்தமோ சளியோ கலந்தால், குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தால், காய்ச்சல் இருந்தால், சிறுநீர் குறைந்தால் அது வேறு கதை. அப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மருந்து பாலுக்குப் போகிறதா?

ஒரு மருந்து பாலில் வர வேண்டுமென்றால் முதலில் ரத்தத்துக்கு வர வேண்டும். மலமிளக்கிகளில் பெரும்பாலானவை அந்த முதல் படியையே தாண்டுவதில்லை. அவற்றின் வேலை குடலுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இசப்கோல் ஓர் உமி. தண்ணீரை இழுத்து ஊதுமே தவிர உடம்பில் சேராது. லாக்டுலோஸ் நம் குடலால் உடைக்க முடியாத சர்க்கரை. குடித்ததில் 3 சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தத்தில் சேர்கிறது. பொட்டலத்தில் வரும் பாலிஎதிலீன் கிளைக்கால் தூளும் ஏறக்குறைய அப்படித்தான்.

இந்தப் பெண் விழுங்கிய பிசகோடில் கொஞ்சம் வேறு வகை. குடலைத் தூண்டி வேலை செய்வது. குடலில் உடைந்து செயல்படும் வடிவத்துக்கு மாறி, பெருங்குடலில் வேலையைக் காட்டும். அதில் சிறு பங்கு ரத்தத்திலும் சேரும். அது பாலுக்கு வருகிறதா என்று நேரடியாகவே அளந்து பார்த்திருக்கிறார்கள். பால் சுரந்துகொண்டிருந்த 8 பெண்களுக்குத் தினமும் 10 மி.கி. பிசகோடில், இன்னும் 8 பேருக்கு 10 மி.கி. சோடியம் பிகோசல்பேட், எட்டு நாள் கொடுத்துப் பாலைச் சோதித்த ஆய்வு 2011-இல் வெளியானது. செயல்படும் பொருள் கருவியின் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு மருந்துகளும் குடலில் ஒரே பொருளாகத்தான் மாறுகின்றன என்பதால் இரண்டுக்கும் ஒரே பதில். அந்தப் பெண்கள் அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவில்லை. ஆய்வு சொல்வது பாலில் மருந்து இல்லை என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு அது போதும். நம் நோயாளி எட்டு நாள் அல்ல, ஒரே ஒரு இரவு, அதே 10 மி.கி. எடுத்தவர்.

இந்த இடத்தில் ஆச்சி ஒரு சமாதானத் திட்டம் வைத்தார். "மாத்திரை எதுக்கு? வீட்ல நிலவாகைப் பொடி இருக்கு. நாட்டு மருந்துதான, பிள்ளைக்கு ஒண்ணும் பண்ணாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலவாகை என்றாலும் நிலாவாரை என்றாலும் அது சென்னா இலைதான். நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட மண்ணில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாக உலகமெல்லாம் போன சரக்கு. வெளிநாட்டு மருந்து நூல்களில் அதற்குப் பெயரே 'தின்னவேலி சென்னா', நம் திருநெல்வேலிதான். ஆச்சியின் டப்பாவில் இருப்பதும் சீமை மருந்துக்கடையின் சென்னா மாத்திரையில் இருப்பதும் ஒரே சரக்கு. ஒரு வித்தியாசம்: மாத்திரையில் அளவு எழுதியிருக்கும், ஆச்சியின் கரண்டியில் எழுதியிருக்காது.

சென்னாவைப் பற்றிய ஆய்வுகள் பிசகோடிலைவிடப் பழையவை. 1988-இல் வெளியான ஒன்றில், பால் கொடுக்கும் 20 தாய்மார் தினமும் 15 மி.கி. சென்னோசைடு (சென்னாவில் வேலை செய்யும் பொருள்) அளவுக்கு மூன்று நாள் எடுத்தார்கள். சென்னா உடைந்து வரும் ரைன் என்ற பொருளைப் பாலில் தேடினார்கள். இருந்தது, ஆனால் மிக அதிகபட்சமாக ஒரு மில்லிலிட்டரில் 27 நானோகிராம். பெரும்பாலான மாதிரிகளில் 10-க்கும் கீழே. ஆச்சிக்காக மேசையிலிருந்த சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று கிலோ குழந்தை ஒரு நாளில் சுமார் 450 மி.லி. பால் குடிக்கும். அத்தனை துளியிலும் அந்த அதிகபட்ச 27 நானோகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 12 மைக்ரோகிராம். தாய் எடுத்ததோ 15,000 மைக்ரோகிராம். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் குழந்தைகள் யாருக்கும் மலம் இளகவில்லை.

ஆச்சியின் பயம் வானத்திலிருந்து குதித்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொரு பழைய ஆய்வில் சென்னா எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் இரண்டு பேருக்கு மலம் இளகியது. பாலில் மருந்து தென்படவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து 1980-இல் வந்த ஆய்வில் ஒரு பகுதித் தாய்மாருக்குச் சென்னாவும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டபோது இரு பக்கத்துக் குழந்தைகளுக்கும் வித்தியாசம் இல்லை. பிறந்த குழந்தைகளுக்கு மலம் இளகலாகப் போவது சகஜம். ஒப்பிட ஒரு பக்கம் இல்லாவிட்டால் எதன் தலையிலும் பழியைப் போடலாம். டான்த்ரான் என்று ஒரு பழைய மலமிளக்கி மட்டும் பால் வழியாகக் குழந்தையின் குடலை முடுக்கியதாகக் குறிப்புகள் உண்டு. அது இன்று நம் கடைகளில் கிடைப்பதில்லை. ஆச்சியின் தலைமுறையில் பேதி என்றால் விளக்கெண்ணெய். அது தாய்ப்பாலில் எவ்வளவு வருகிறது என்று சரியாக அளந்த தரவு கிடையாது. தாய்க்கே குடலைப் பிழிந்தெடுக்கும். நான் பச்சை உடம்புக்காரிக்கு அதைக் கொடுப்பதில்லை. குழந்தையின் வாயிலோ மூக்கிலோ ஒரு சொட்டு எண்ணெயும் விடக்கூடாது. நுரையீரலுக்குள் இறங்கினால் எண்ணெய் நிமோனியா வரும்.

நிலவாகைப் பொடியை ஆச்சி அளவு தெரிந்த மாத்திரையாகக் கேட்டிருந்தால் இரண்டு மூன்று இரவுக்குச் சம்மதித்திருப்பேன். பொடியாக வேண்டாம் என்றேன். இன்னொன்றும் கேட்டு வைத்தேன்: பிள்ளை பெற்ற வயிறு குறைய என்று ஏதாவது மூலிகை டீ குடிக்கிறாரா? அப்படி விற்கும் சில டீக்களில் இதே சென்னா இருக்கும். மாதக்கணக்கில் தினமும் குடித்தால் ஆய்வுகளின் மூன்று நாள் கணக்கை வைத்து ஆறுதல் சொல்ல முடியாது. இல்லை என்றார்.

அன்று இரவு செய்தவை

மலச்சிக்கல் காத்திருக்கலாம், கட்டிய பால் காத்திருக்காது. மார்பில் ஒரு பக்கம் மட்டும் சிவந்து தடித்த இடம் எதுவும் இல்லை. அதனால் தொற்று என்று எண்ணவில்லை, ஆன்டிபயாடிக் எழுதவில்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால். அதுவும் பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடியதுதான். ஆச்சி உருவிவிட எழுந்தார். வேண்டாம், அழுத்திப் பிசைந்தால் வீக்கம் கூடும் என்று உட்காரவைத்தேன். செவிலியர் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தை மட்டும் விரலால் மெல்ல அமுக்கிக் கொஞ்சம் பால் வெளியேற்றி மிருதுவாக்கினார். பீய்ச்சிய பாலை ஆச்சி கொண்டுவந்திருந்த பாலாடையிலேயே குழந்தைக்குப் புகட்டினோம். பாதிப் பசி அடங்கியதும் நெஞ்சில் வைத்தோம். மூன்றாவது முயற்சியில் கவ்வியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். புட்டியை இனி எடுக்கவேண்டாம், உரை மருந்தும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

தாய்க்கு லாக்டுலோஸ், இரவில் 15 மி.லி. பிசகோடில் ஆபத்தில்லை என்று இவ்வளவு பேசிவிட்டு ஏன் அதையே எழுதவில்லை? முறுக்கல்தான் காரணம். தையல் ஆறாத இடத்தில் அவசரமாக நான்கு முறை போனது அவருக்கு முதல் பயத்தைவிடப் பெரிய பயமாகிவிட்டது. இளக்கினால் போதும், விரட்ட வேண்டியதில்லை.

அப்புறம் என் பிழை. மூன்றாம் நாள் திரும்பி வந்தார். பால் கட்டு போய்விட்டது, குழந்தை 3.02 கிலோ. ஆனால் வயிறு இன்னும் உப்பி, ஒரே ஒரு முறை கஷ்டப்பட்டுப் போயிருக்கிறார். மருந்தின் அளவைக் கூட்டப் பேனாவை எடுத்தவள், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீங்க?" மூன்று டம்ளர். மேலே குடித்தால் வயிறு தொங்கிவிடும், தையல் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் தடை. சாப்பாடு பூண்டுக் குழம்பு, வறுத்த கருவாடு, சோறு. கீரை குளிர்ச்சி, பழம் சளி. இந்தப் பத்தியத்தில், குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும் மருந்து எதை இழுக்கும்? இதே நிலையில் இசப்கோலை எழுதியிருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் போதாமல் அந்த உமி உள்ளேயே அடைத்துக்கொள்ளும்.

மலச்சிக்கலின் வேர் ஒன்றல்ல. கர்ப்பகால ஹார்மோனால் மந்தமான குடல், தையல் வலி, படுக்கை, பத்தியம். இவற்றின் மேல் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும். அரசுத் திட்டத்தில் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தினமும் 60 மி.கி. இரும்பு தருகிறார்கள். இரண்டு மாத்திரைகளும் மலத்தைக் கட்டும். நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்டார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.8 இருக்கும்போது நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு, காலையிலும் மதியமும் கால்சியம் என்று பிரித்தேன். சாப்பிட்டபின் எடுத்தால் சத்து கொஞ்சம் குறைவாகத்தான் சேரும், ஆனால் அதை நிறுத்திவிடுவதைவிட மேல்.

பத்தியத்தை உடைக்கச் சொல்லி ஆச்சியோடு சண்டை போடவில்லை. பேரம் பேசினேன். பச்சைத் தண்ணீர் வேண்டாம், சரி; சீரகம் போட்ட வெந்நீர், பிள்ளை பால் குடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர். முருங்கைக்கீரை பால் ஊறும் என்று ஆச்சியே சொன்னார். அதைத் தினமும் பொரியலாக்கச் சொன்னேன். பழத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கர்ப்பகாலத்தில் அரசு தந்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் பேரீச்சம்பழம் பிரிக்காமல் பரணில் கிடக்கிறதாம். 'அது சூடு' என்பதால் அனுமதி உடனே கிடைத்தது. ஊறவைத்த உலர்திராட்சையும் அந்தக் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. கழிப்பறையில் முக்க வேண்டாம், உணர்வு வந்தால் அடக்க வேண்டாம், இடுப்பளவு வெந்நீரில் பத்து நிமிடம் உட்காருங்கள் என்று தையல் பயத்துக்கும் வழி சொன்னேன்.

லாக்டுலோஸை அதே 15 மி.லி.யில் வைத்தேன். இரண்டு நாளில் சிரமமில்லாமல் போனது. இன்னும் இரண்டு வாரம் எடுத்து, அளவைக் குறைத்து நிறுத்தினார். நான் லாக்டுலோஸை விரும்புவது பழக்கத்தால்தான். வயிற்று உப்புசம் அதிகமென்றால் பாலிஎதிலீன் கிளைக்கால் தூள் நல்லது. நம்மூரில் வெள்ளை பாட்டிலில் அதிகம் விற்கும் மக்னீசியமும் லிக்விட் பாராஃபினும் கலந்த கலவையைச் சில நாளுக்குக் கொடுத்தாலும் பாலுக்குக் கெடுதல் இல்லை. பாராஃபினை வாரக்கணக்கில் நீட்டினால் தாயின் உடம்பில் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் சேர்வது குறையும் என்பதால் எனக்கு அதன்மேல் பிரியமில்லை. புருகாலோபிரைடு என்ற மலச்சிக்கல் மருந்து பாலில் வருகிறது. பால் கொடுப்பவருக்கு எழுதுவதில்லை. ஆசனவாய்த் தசைவரை கிழிந்து தைத்தவர்களுக்குப் பிரசவம் முடிந்த கையோடு மலமிளக்கி தொடங்குவதே முறை. சிசேரியன் ஆனவர் வயிறு உப்பி வாந்தி எடுத்தால், காற்றும் பிரியாவிட்டால், வீட்டில் எந்தப் பேதி மாத்திரையும் கூடாது, நேராக மருத்துவமனை.

இந்த நிகழ்வில் மாத்திரை குழந்தைக்கு ஒன்றும் செய்யவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்: அளவு ஒருமுறை, பாலில் மருந்து வருவதாகத் தரவு இல்லை, குழந்தையின் மலம் மருந்துக்கு முன்னும் பின்னும் ஒரே கணக்கு. பாலை நிறுத்தியது மட்டும் மூன்று கேடுகளைக் கொண்டுவந்தது: கட்டிய பால், காய்ச்சல், நெஞ்சை மறுத்த பிள்ளை. கடைக்காரர் காகிதத்தை மடிக்கும்போது "பால் கொடுக்கலாம், நிறுத்த வேண்டாம்" என்று நான்கு சொல் சொல்லியிருந்தால் ஆட்டோ செலவு மிச்சம்.

ஐம்பதாம் நாள் தடுப்பூசி முடிந்து மறுபடி வந்தார்கள். குழந்தை நன்றாகத் தேறி, கன்னம் வைத்துவிட்டது. ஆச்சியின் முகத்தில்தான் கவலை. "நாலு நாளா பிள்ளை வெளிக்கே போகல டாக்டரம்மா."

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. ஆறு வாரத்துக்கு மேல் தாய்ப்பால் பிள்ளைகள் பல நாளுக்கு ஒருமுறை போவது இயல்பு, போகும்போது இளகலாகப் போனால் சரி என்றேன். ஆச்சி தலையாட்டினார். பிறகு பேத்தியின் காதுக்கு எட்டாமல் என் பக்கம் குனிந்தார்.

"இவளுக்கு ஒரு பேதி மாத்திரை எழுதுங்க. பால் வழியா பிள்ளைக்கும் போவட்டும்."

"பிள்ளைக்குப் போகாது ஆச்சி," என்றேன். "இவளுக்குத்தான் போகும்."